யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

அமெரிக்கத் தெருவில் மைக்கை நீட்டிக் கேள்வி கேட்கிற வீடியோக்கள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அடிக்கடி வரும். ஆப்பிரிக்கா ஒரு நாடா கண்டமா, அமெரிக்கா யாரிடமிருந்து சுதந்திரம் வாங்கியது என்ற அளவுக் கேள்விகள்தான். மைக்குக்கு முன்னால் நிற்கும் இளைஞர் திருதிருவென்று விழிப்பார், இல்லையென்றால் வாய்க்கு வந்ததைச் சொல்வார். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். "இவங்க கையிலதான் உலகமே இருக்கு, பாத்துக்கோ" என்று ஒரு மாமா எழுதுவார். "நம்ம ஊர் அஞ்சாம் கிளாஸ் பையன் பட்டுன்னு சொல்லிடுவான்" என்று ஒரு அத்தை எழுதுவார். அந்தச் சிரிப்பில் என்னால் சேர முடிவதில்லை. திருவனந்தபுரத்தில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். பொது அறிவு என்ற ஒன்றை இந்த ஊர் அளவுக்கு விழுந்து விழுந்து படிக்கிற ஊரை நான் பார்த்ததில்லை. இங்கே உட்கார்ந்து அந்த வீடியோக்களைப் பார்க்கும்போது மனசு வேறு எங்கேயோ போகிறது. அதைத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப்போகிறேன்.

முதலில், வீடியோ சொல்வது முழுப் பொய்யும் இல்லை. சரியாகப் பதில் சொன்னவர்களையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுத்தான் அதைத் தயார் செய்திருப்பார்கள். ஆனால் ஒழுங்காக எடுத்த கணக்குகளும் இருக்கின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அன்னன்பர்க் மையம் ஆண்டுதோறும் அமெரிக்கர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறது: உங்கள் அரசாங்கத்தின் மூன்று பிரிவுகள் எவை? சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் என்று மூன்றையும் சொன்னவர்கள் 2016ல் 26 சதவீதம்தான். 2006ல் நேஷனல் ஜியோகிராஃபிக் 18 முதல் 24 வயது வரையுள்ளவர்களிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்து ஈராக்கைக் காட்டச் சொன்னது. அப்போது ஈராக் போர் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. 63 சதவீதம் பேரால் காட்ட முடியவில்லை. தங்கள் வயதுப் பையன்கள் துப்பாக்கியோடு போய் நிற்கிற நாடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு தலைமுறை இருந்திருக்கிறது. குண்டு விழுந்த ஊர்க்காரர்களை நினைத்தால் எனக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

இனி நம் கதை. பிசா என்ற பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில் இந்தியாவிலிருந்து இரண்டே மாநிலங்கள் கலந்துகொண்டன. ஒன்று இமாச்சலப் பிரதேசம், இன்னொன்று தமிழ்நாடு. நன்றாகப் படிக்கிற மாநிலங்கள் என்று பெயரெடுத்தவை. 15 வயதுப் பிள்ளைகள் எழுதினார்கள். முடிவு வந்தபோது இரண்டும் எழுபதுக்கு மேற்பட்ட இடங்களின் பட்டியலில் அடிமட்டத்தில், கிர்கிஸ்தானுக்குப் பக்கத்தில் நின்றன. அடுத்து வந்த சுற்றுகளுக்கு இந்தியா போகவே இல்லை. 2017ல் அசர் என்ற கல்வி ஆய்வு அமைப்பு 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமப்புற இளைஞர்களைப் பார்த்துப் பேசியது. நாட்டின் தலைநகர் எது என்ற கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னவர்கள் 64 சதவீதம். இந்திய வரைபடத்தில் தங்கள் மாநிலத்தைத் தொட்டுக் காட்டியவர்கள் 42 சதவீதம். இந்தப் பிள்ளைகள் முன்னால் நாளைக்கு யாராவது மைக்கை நீட்டி, அதை அமெரிக்காவில் உட்கார்ந்து பார்த்துச் சிரித்தால் நமக்கு எப்படி இருக்கும்?

திருவனந்தபுரத்துக்கு வருகிறேன். கேரளப் பப்ளிக் சர்வீஸ் கமிஷனின் தலைமை அலுவலகம் இங்கே பட்டத்தில் இருக்கிறது. பி.எஸ்.சி. என்ற மூன்றெழுத்து இந்த ஊரில் ஒரு வாழ்க்கை முறை. எல்.டி. கிளார்க் தேர்வுக்கு அறிவிப்பு வந்தால் லட்சக்கணக்கில் விண்ணப்பம் குவியும். தெருவுக்குத் தெரு கோச்சிங் சென்டர். தலையணை மாதிரி ராங்க் ஃபைல் என்கிற தேர்வு வழிகாட்டிப் புத்தகம். மாலையானால் வாயனசாலை என்கிற ஊர் நூலகத்தின் திண்ணையில் நாலைந்து பேர் உட்கார்ந்து கம்பைன்ட் ஸ்டடி; ஒருவர் கேட்க மற்றவர்கள் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். அருவிப்புறம் பிரதிஷ்டை 1888. வில்லுவண்டி யாத்திரை 1893. ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12. தொழிலாளி, ஆட்டோக்காரர், இரண்டு பிள்ளை பெற்ற பெண் என்று எல்லோரும் படிக்கிறார்கள்.

இதை வெறும் மனப்பாடம் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். வெங்ஙானூரில் பிறந்த அய்யங்காளி என்ற புலையர் சமூகத்துத் தலைவரின் பெயரும் பிறந்த நாளும் கேரளத்தில் எந்த வீட்டுச் சமையலறையிலும் கேட்கிறது என்றால், அதற்குப் பி.எஸ்.சி. பாடத்திட்டம் ஒரு முக்கியக் காரணம். சுவாமித்தோப்பு அய்யா வைகுண்டரைப் பற்றி மலப்புறத்துப் பிள்ளைக்கும் தெரியும். தைக்காட்டு அய்யாவு சுவாமிகள் தமிழ்நாட்டிலிருந்து வந்து, இங்கே ரெசிடென்சியில் வேலை பார்த்து, சட்டம்பி சுவாமிகளுக்கும் ஸ்ரீநாராயண குருவுக்கும் யோகம் சொல்லிக்கொடுத்தவர். தேர்வு எழுதுகிற எந்த மலையாளிப் பெண்ணும் அவரைப் பற்றிப் பத்து வரி சொல்வாள். சென்னையில் நான் கேட்ட இடத்திலெல்லாம் அவர் பெயரே புதிதாக இருந்தது. ஒரு தேர்வு ஒரு சமூகத்தின் ஞாபகத்தைக் காப்பாற்றித் தருகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அது எங்கே வந்து நின்றுவிடுகிறது என்பதையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

கரமனையில் எங்களுக்கு அடுத்த வீட்டுப் பெண் எல்.டி. கிளார்க் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பாட்டிக்கு வந்துகொண்டிருந்த க்ஷேம பென்ஷன் திடீரென்று நின்றுபோனது. அவள் அம்மா ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். இன்று ஆள் இல்லை, அடுத்த வாரம் வா, மேலே எழுதியிருக்கிறது, பார்க்கலாம். வழக்கமான பதில்கள். ஒரு நாள் சாயங்காலம் அவர் வந்து எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து, "இனிமே நான் போகமாட்டேன் அக்கா, எனக்குக் கால் வலிக்குது" என்றார். பின்னால் அந்தப் பெண் ராங்க் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேட்டா என்ன?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "2005 அக்டோபர் 12" என்றாள், தன்னையறியாமல். பிறகு அவளே தொடர்ந்தாள். "முப்பது நாளுக்குள்ள பதில் கொடுக்கணும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதுன்னா நாப்பத்தெட்டு மணி நேரம். எல்லாம் படிச்சிருக்கேன் அக்கா. ஆனா நம்ம எழுதலாம்னு தோணவே இல்லையே."

அன்றிரவே உட்கார்ந்து எழுதினோம். யாருக்கு எழுதுவது, என்ன கேட்பது என்பதில்தான் நேரம் போனது. 'என் பாட்டிக்கு ஏன் பென்ஷன் தரவில்லை' என்று அவள் முதலில் எழுதியதை மாற்றினோம். 'இந்த எண்ணுள்ள விண்ணப்பத்தின் பேரில் இந்தத் தேதி முதல் எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் என்ன, அந்தக் கோப்பின் நகல் வேண்டும்' என்று கேட்டோம். ஏன் என்று கேட்டால் மழுப்பலாம். கோப்பைக் கேட்டால் கோப்பைத்தான் தர வேண்டும். கட்டணத்துக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் எங்கே வாங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் துள்ளி எழுந்தாள். "வேண்டாம் அக்கா! பாட்டிக்கு மஞ்சக் கார்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு ஃபீஸ் கிடையாது, அதுவும் ஒரு கேள்விதான்!" அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாள் கணக்காகப் படித்து வைத்திருந்தது முதல் முறையாக அவள் கைக்கு வந்தது. பதிலும் உரிய நாளுக்குள் வந்தது. பென்ஷன்காரர் உயிரோடு இருப்பதை உறுதிசெய்கிற மஸ்டரிங் பாட்டிக்குப் பதிவாகவில்லை, விரல்ரேகை தேய்ந்திருந்தது காரணம். வீட்டுக்கே வந்து பதிவு செய்துகொள்ள வழி இருந்தது. செய்தார்கள். பென்ஷன் திரும்ப வந்தது.

அந்த வீட்டில் அறிவுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. அந்தச் சட்டம் தனக்காகப் போட்டது என்று வாயனசாலைத் திண்ணையில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மூன்று பிரிவுகளின் பெயர் தெரியாத அமெரிக்கரும் மட்டமான மூளை உள்ளவர் என்று நான் நம்பவில்லை. தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். ஒரு மனிதருக்கு ஒரு விஷயம் தெரியவில்லை என்றால், முதலில் அவருக்கு யார் சொல்லாமல் விட்டார்கள், யார் மறைத்தார்கள் என்று கேட்க வேண்டும். இந்த ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் கண்ணுக்கு முன்னாலேயே நிற்கிறது.

பாளையத்தில் யூனிவர்சிட்டி காலேஜ் பக்கம் போனால் அய்யங்காளி ஹால் இருக்கிறது. 1896ல் கட்டிய விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால். 2019ல் அய்யங்காளி பெயரைச் சூட்டினார்கள். ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடிய இடம் அது. 1911ல் அந்தச் சபைக்கு நியமிக்கப்பட்ட அய்யங்காளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இன்றைய வீடியோக்காரர் அவர் முன்னால் மைக்கை நீட்டியிருந்தால், அவரைப் பார்த்தும் நாலு பேர் சிரித்திருப்பார்கள்.

திருவிதாங்கூரில் ராணி கௌரி பார்வதி பாய் 1817லேயே கல்விக்கான செலவை அரசே ஏற்கும் என்று ஆணை போட்டார். இதுவும் பி.எஸ்.சி.க்குப் பிடித்த கேள்விதான். ஆனால் அந்த ஆணைக்குப் பிறகு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தலித் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலைத் தாண்ட முடியவில்லை. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று அய்யங்காளி வேலைநிறுத்தம் செய்தார். கூலி கூட்டிக் கேட்பதற்கு முன்னால் பள்ளிக்கூடம் கேட்ட வேலைநிறுத்தம் அது. பாடத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பார் என்று சொன்னவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! தலித் பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்லி அரசாணை வந்த பிறகும் கதவு திறக்கவில்லை. பாலராமபுரத்துக்கு அருகே ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அய்யங்காளி கைபிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போனார். அவள் உட்கார்ந்த பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். பாதி கருகிய ஒரு பெஞ்சை அந்தப் பள்ளியில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 2022ல் அந்த அரசுப் பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் வைத்தார்கள். 1937ல் காந்தி வெங்ஙானூர் வந்தபோது அய்யங்காளி கேட்டது, தன் ஆட்களில் பத்துப் பேர் பி.ஏ. படித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான்.

ஒரு குழந்தை உட்கார்ந்ததற்காகப் பள்ளிக்கூடத்தை எரித்த ஊரில் அறியாமை தானாக முளைத்தது என்று எப்படிச் சொல்வது? அது திட்டமிட்டு வளர்த்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1740லேயே தென் கரோலினா, அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அடிமை முறை ஒழிந்த பிறகு, தென் மாநிலங்கள் ஓட்டுப் போட வருகிற கறுப்பர்களுக்கு எழுத்தறிவுத் தேர்வு என்று ஒன்றை வைத்தன. அந்தத் தேர்வில் யார் தேற வேண்டும், யார் தோற்க வேண்டும் என்பதைக் கேள்வி கேட்கிற அதிகாரியே முடிவு செய்துகொள்ளலாம். 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம்தான் அதற்கு முடிவு கட்டியது. 'பொது அறிவு இல்லாதவனுக்கெல்லாம் எதற்கு ஓட்டு' என்று நம் ஆட்கள் டீக்கடையில் பேசும்போது எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான். கேள்வித்தாளைக் கையில் வைத்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்து அது விளக்காகவும் ஆகும், பூட்டாகவும் ஆகும்.

பூட்டைத் திறந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாளையத்திலேயே ஸ்டேட் சென்ட்ரல் லைப்ரரி இருக்கிறது, 1829ல் தொடங்கியது. அழகான கட்டடம்; ஆனால் கேரளத்தை மாற்றியது அது இல்லை. 1945ல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களின் ஆட்களைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். அங்கிருந்து அது ஊர் ஊராகப் பரவியது. அவர் இறந்த ஜூன் 19ஆம் தேதியைத்தான் கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. இந்த வாயனசாலைகளை நடத்துவது அந்தந்த ஊர்க்காரர்களே. சந்தா கட்டிய உறுப்பினர்கள், அவர்கள் தேர்ந்தெடுக்கிற கமிட்டி, லைப்ரரி கவுன்சிலிலிருந்து வருகிற மானியம். கமிட்டி சரியில்லை என்றால் அடுத்த தேர்தலில் மாற்றுகிறார்கள்.

எங்கள் பக்கத்து வாயனசாலை மாலையில்தான் உயிர் பெறும். பெயின்டர் வேலை முடித்து, கையில் சுண்ணாம்பு காயாமல் வருகிற ஒருவர் அங்கே மூன்று பேப்பர்களையும் விரித்து வைத்து, ஒரே செய்தியை மூன்றிலும் படிப்பார். "ஒண்ணுல உள்ளது இன்னொண்ணுல இல்ல, மூணும் சேத்தாதான் நடந்தது என்னன்னு தெரியும்" என்று ஒரு முறை என்னிடம் மலையாளத்தில் சொன்னார். பத்திரிகைப் படிப்பு படிக்கிறவர்களுக்கு வகுப்பில் சொல்லித்தருகிற பாடம் இது. அவர் யாரிடமும் படிக்கவில்லை. மூன்று பேப்பரும் ஒரே மேஜையில் கிடந்தன, வேலை முடிகிற நேரத்தில் கதவு திறந்திருந்தது. அது போதுமாக இருந்தது.

1962ல் தொடங்கிய சாஸ்திர சாகித்ய பரிஷத் அறிவியலைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 1990 பிப்ரவரி 4ல் எர்ணாகுளம் மாவட்டமும், 1991 ஏப்ரல் 18ல் மாநிலம் முழுவதும் எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். கோழிக்கோடு மானாஞ்சிற மைதானத்தில் அந்த அறிவிப்பைச் செய்தவர், வயதான பிறகு எழுத்துப் படித்த சேலக்கோடன் ஆயிஷா. முதலமைச்சர் இருக்க, ஆயிஷா மைக்கைப் பிடித்தார். நம் பக்கத்திலும் அதே ஆண்டுகளில் அறிவொளி இயக்கம் எழும்பியது. புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்டது இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கும். கேரளத்தில் அது அடங்காமல் அடுத்தடுத்து வேறு உருவங்கள் எடுத்தது. 2018ல் 96 வயது கார்த்தியாயினி அம்மா எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கினார். 2022ல் எங்கள் மாவட்டத்துப் புல்லம்பாற பஞ்சாயத்தில் எல்லோருக்கும் ஸ்மார்ட்போன் பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்து முடித்தார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது கொல்லம் மாவட்டம் செய்த காரியம். மூன்று பிரிவுகள் எவை என்ற அன்னன்பர்க் கேள்விக்கு நேரான பதில் அது. மாவட்டப் பஞ்சாயத்தும் திட்டக் குழுவும் உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனமான கிலாவும் சேர்ந்து, பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அரசியலமைப்புச் சட்டத்தின் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுப்பது என்று இறங்கினார்கள். தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களைச் செனட்டர்கள் என்று அழைத்தார்கள். வீடு வீடாகப் போனார்கள், வேலைத் தளங்களுக்குப் போனார்கள். 2023 ஜனவரி 14ல் நாட்டின் முதல் அரசியலமைப்பு எழுத்தறிவு மாவட்டம் என்று கொல்லம் அறிவிக்கப்பட்டது. அறிவித்துவிட்டதால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பிரிவையும் ஒப்பிப்பார்கள் என்று நான் சொல்லவரவில்லை. 'இது உன்னுடைய சட்டம்' என்று ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னார் அல்லவா, அதற்கு ஒரு பெறுமதி உண்டு.

அந்த மாவட்டத்திலும் முதலில் முடித்த பஞ்சாயத்து குளத்தூப்புழை. தமிழர்கள் இதைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். குளத்தூப்புழையில் மறுவாழ்வுத் தோட்டக் கழகத்தின் ரப்பர் தோட்டம் இருக்கிறது. சாஸ்திரியும் சிறிமாவோவும் 1964ல் போட்ட ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழ்க் குடும்பங்களுக்கு வேலை கொடுக்க ஏற்பட்டது. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களின் முன்னோர்களை நாடற்றவர்களாக ஆக்கியது. ஒரு சட்டத்தின் பெயர்கூடக் கேள்விப்படாமல், அந்தச் சட்டத்தால் ஊரையும் உறவையும் இழந்து கப்பலேறியவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வளர்கிற பஞ்சாயத்து, குடிமகன் என்றால் யார், அவனுக்கு என்ன உரிமை என்று நாட்டிலேயே முதலில் படித்து முடித்த பஞ்சாயத்து ஆனது. பொது அறிவு எதற்கு என்று கேட்கிறவர்களிடம் நான் குளத்தூப்புழையைத்தான் சொல்வேன்.

நம் சொந்தக் கணக்கில் பாக்கி நிற்கிற ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலையில் பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்து, 1970ல் அரசு விழாக்களுக்கு வந்து, 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக ஆனது. அதை எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை 1855ல் ஆலப்புழையில் பிறந்தவர். அப்போது மகாராஜா காலேஜ் என்று இருந்த, நான் மேலே சொன்ன யூனிவர்சிட்டி காலேஜில் தத்துவப் பேராசிரியர். அந்தப் பாட்டு வருகிற மனோன்மணீயம் நாடகம் 1891ல் வெளிவந்தபோது அவர் திருவனந்தபுரத்துக்காரர். பேரூர்க்கடையில் மகாராஜா கொடுத்த நிலத்துக்குத் தன் ஆசிரியர் பெயரில் ஹார்விபுரம் என்று பெயர் வைத்து வாழ்ந்தார். அவர் மகன் பி.எஸ். நடராஜ பிள்ளை 1954ல் பட்டம் தாணு பிள்ளை அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்தார். பேரூர்க்கடை அரசுப் பள்ளிக்கு இன்று அவர் பெயர்தான். ஊரிலிருந்து வருகிற உறவினர்களைப் பத்மநாபசுவாமி கோயிலுக்கும் கோவளத்துக்கும் அழைத்துப் போகிற வழியில் காலேஜ் வாசலில் வண்டியை நிறுத்தி இதைச் சொல்வேன். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய மருமகன்கூட, "இங்கயா? நான் திருநெல்வேலிக்காரர்னுல்ல நெனச்சேன்" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு வருடம் தினமும் அந்தப் பாட்டைப் பாட வைத்த பள்ளிக்கூடம், எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று ஒரு நாள் ஐந்து நிமிடம் பேசியிருக்கலாம்.

தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் ஏற்பாடு இல்லையா என்றால், இருக்கிறது. எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டு 1948லேயே மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் இன்றைக்கும் கட்டுகிறோம். ஊர்தோறும் கிளை நூலகம் இருக்கிறது, பல இடங்களில் வாசகர் வட்டமும் இருக்கிறது. கேரளத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுதான் குறை: நம் நூலகம் அரசாங்கத்துடையது, ஊர் அதை நடத்துவதில்லை. அதனால் அது எப்போது திறக்கிறது என்பதுகூடப் பலருக்குத் தெரிவதில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, பாலோடு வழியாகத் தென்காசி போகிற ரோடு குளத்தூப்புழையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. தென்மலை, ஆரியங்காவு தாண்டினால் செங்கோட்டை. கொல்லத்தில் செய்ததைத் தென்காசி மாவட்டத்தில் செய்ய முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அரசியலமைப்புச் சட்டம் தமிழில் அச்சாகி இருக்கிறது. நூறு நாள் வேலைத் தளத்தில் மதிய இடைவேளைக்குப் பெண்கள் ஒன்றாக உட்காருகிறார்கள். அந்தப் பக்கத்து வாசகர் வட்டம் எதுவாக இருந்தாலும் ஒரு பஞ்சாயத்தை எடுத்துக்கொள்ள முன்வந்தால், தகவல் உரிமை மனு எழுதுவதிலிருந்து வகுப்பைத் தொடங்க நான் வருகிறேன். அடுத்த வீட்டுப் பெண்ணும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். முதலில் ஆட்களைக் குளத்தூப்புழைக்கு அழைத்துப்போய் அந்தச் செனட்டர்களோடு பேச வைப்போம்; செங்கோட்டையிலிருந்து காலை பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம்.